நான்கு விரல்

கோத்தகிரி அரசு மருத்துவமனையில்
எக்ஸ்ரே அறைக்கும் ஊசி போடும் அறைக்கும் நடுவே
கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறை எனக்கு.
யுனானி என்று பலகை.
ஆனி மாதம். பகல் பதினொன்றுக்கே
விளக்குப் போட்டாயிற்று.

டோக்கன் பதினேழு. ஜோகி.
மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் தேயிலை.
மூன்று மாதமாய் உறக்கமில்லை.
"ஈசிஜி நார்மல், ரத்தம் நார்மல்னு
சொல்லி அனுப்பிட்டாங்க டாக்டரம்மா.
அதுதான் பயமா இருக்கு."

நான்கு விரல்களை அவர் மணிக்கட்டில் வைக்கிறேன்.
மானாய்த் துள்ளும் நாடி உண்டு,
எறும்பாய் ஊர்வது உண்டு,
எலிவாலாய்த் தேய்ந்து முடிவதும் உண்டு.
இது எதுவுமில்லை.
தோட்டத்தோரத்து ஓடைபோலத்
தன்பாட்டுக்குப் போகிறது.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பாக்தாதில்
வைத்தியனுக்கும் தத்துவவாதிக்கும்
ஒரே சொல்தான்: ஹக்கீம்.
பகலில் மூத்திரக் குப்பியை
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தவன்
இரவில் உட்கார்ந்து
ஆன்மாவுக்கு உடம்பு வேண்டுமா என்று எழுதினான்.
இடையில் கை கழுவினானா, தெரியாது.

கிரேக்கத்திலிருந்து வந்த வழக்கொன்று
அவர்களிடம் தீராமல் கிடந்தது.
உணர்வுக்கு அரசன் இதயமா, மூளையா?
தத்துவம் இதயம் என்றது.
விலங்கின் கழுத்து நரம்பை அறுத்து
குரல் நின்றதைக் கண்ட மருத்துவம்
மூளை என்றது.
அரும்பாக்கம் கல்லூரியில் எனக்கு
இது பத்து மார்க் கேள்வி.
இரண்டையும் எழுதினேன். ஆறு கிடைத்தது.

அவர்களுடைய தந்திரம் ஒன்று மட்டும் மறக்கவில்லை.
நோய் பிடிபடாவிட்டால்
நாடியைப் பிடித்தபடி ஊர்ப்பெயர்களைச் சொல்.
எந்தப் பெயரில் ரத்தம் இடறுகிறதோ
அங்கே போய்த் தேடு.

"சும்மா கேட்டுட்டே இருங்க ஜோகி."
கக்குச்சி. நெடுகுளா. கட்டபெட்டு.
ஓடை ஓடிக்கொண்டிருந்தது.
தேனாடு. ஈளாடா. சோலூர்மட்டம்.
அரவேணு.
குஞ்சப்பனை.

துள்ளியது.
முகப்பு விளக்கில் குறுக்கே பாயும்
கடமான் போல ஒரே ஒரு துள்ளல்.

"குஞ்சப்பனையில யார் இருக்காங்க?"
"யாருமில்லையே. பஸ்ல தாண்டிப் போறதோட சரி."

பொய்யில்லை. முகத்தில் தெரிந்தது.
மறுபடி சொன்னேன், மறுபடி துள்ளியது.
அப்புறம்தான் விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
அவர் கையில் ஓடை.
என் விரல் நுனியில் மான்.

"குஞ்சப்பனை தாண்டறேன் ஜுவைரியா,
இனி சிக்னல் போயிடும்."
நாலு வருஷம் ஆகிறது.
மேட்டுப்பாளையத்தில் சிக்னல் உண்டு.
கோயம்புத்தூரில் உண்டு.
துபாயிலும் உண்டாம்.

ஜோகி கையை இழுத்துக்கொள்ளவில்லை.
"உங்க விரல்தான் சில்லுனு இருக்கு" என்றார்.

உஸ்துகுத்தூஸ் எழுதினேன்.
மூளையின் விளக்குமாறு என்று அதற்குப் பெயர்,
கரும்பித்தத்தைக் கூட்டித் தள்ளுமாம்.
காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை.
சீட்டை மடித்தபடி கேட்டார்:
"நோவு நெஞ்சிலயா, தலையிலயா?"

"மருந்துக்கு அது தெரிய வேண்டியதில்லை" என்றேன்.
அந்தக் காலத்து வைத்தியர்களும்
தத்துவக்காரர்களிடம் இப்படித்தான்
சொல்லித் தப்பித்தார்கள்.

"மருந்துக்குத் தெரிய வேணாம்.
எனக்குத் தெரியணுமே."

கதவிடுக்கில் மஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது.
பதினெட்டைக் கூப்பிட வாயெடுத்தேன்.
அவர் இன்னும் எழவில்லை.
நானும் அவர் கையை
இன்னும் விடவில்லை.