கால் அடி

பேர்ணாம்பட்டில் எங்கள் கம்பெனியில்
எல்லாமே கால் அடிக் கணக்கு.
மிஷினிலிருந்து விழும் ஆட்டுத்தோலின் பின்பக்கம்
செங்கேணியக்கா பென்சிலால் ஐந்து என்று எழுதி
அதன் தோளில் சின்னதாக ஒரு ஒன்று போடுவாள்.
ஐந்தே கால்.
அந்த ஒன்றை மறந்தால் மேஸ்திரி கத்துவார்.

நான் மறந்தது ஆபீஸ் அறையில்,
'அண்ட்'டுக்கு முன்னால்.

கழித்த தோலுக்குப் பணம் தருகிறோம் அண்ட்
கப்பல் கூலி உங்கள் பொறுப்பு.
இங்கிலீஷில் ஒரே மூச்சில் அடித்துவிட்டேன்.
அங்கே கூலி முதலில் வந்துவிடும்,
யார் தலையில் என்பது அப்புறம்தான்.
இத்தாலிக்காரர் கூலி வரைக்கும் படித்தார்,
சந்தோஷப்பட்டார்,
இரண்டுக்கும் சேர்த்து பில் அனுப்பிவிட்டார்.

தமிழில் இந்த வம்பே கிடையாது.
தோலுக்கும் கூலிக்கும் என்றால்
சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும் 'உம்'.
ஒட்டாவிட்டால் உறவில்லை.
அண்ட் அப்படியில்லை,
ரயில்வே கேட் மாதிரி நடுவில் நிற்கும்.
திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா,
முன்னால் நிற்கும் கமாவைக் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கம் தனியாக ஒரு எழுவாய் இருந்தால் கமா போடு,
இந்தப் பக்கத்து ஆளே அங்கேயும் வேலை செய்தால் வேண்டாம்.
குடியாத்தம் இன்ஸ்டிட்யூட்டில் இதைச் சொன்ன அன்று
நான் கடைசி பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராயிரம் ரூபாய்.
"மாசாமாசம் உன் சம்பளத்துல" என்றார் முஜீபுல்லா சாயபு.
ஃபைலுக்கு விளக்கம் வேண்டுமாம், இங்கிலீஷில்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
ஜன்னல் வழியே சுண்ணாம்புத் தொட்டி வாடை.
கடைசியில் ஒரே வரி:
தவறு என்னுடையது, பட் கையெழுத்து உங்களுடையது.

கமாவை அழுத்துவதற்கு முன்னால்
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.
தோலில் ஓட்டை தேடுகிற மாதிரி
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"கால் பங்கு புடிச்சா போதும்" என்றார்,
கணக்குப்பிள்ளையைப் பார்த்து.

பத்தாயிரத்து இருநூற்றைம்பது.

"ஒரு புள்ளிக்கா இவ்ளோ?" என்றாள் செங்கேணியக்கா.
புள்ளிகூட இல்லக்கா, அதுக்கு ஒரு வால் இருக்குது என்றேன்.
சிரித்துக்கொண்டே அடுத்த தோலை இழுத்தாள்,
நாலு என்று எழுதினாள்,
தோளில் எதுவும் போடாமல்
தள்ளிவிட்டாள்.