இரண்டு கண், நடுவே ஓரடி

ரேடார் வைத்ததை வாங்கினால்
வயிரவன் வேனை விற்க வேண்டிவரும்.
குழல்முனையில் மாட்டுவது குறியைக் கீழே இழுக்கும்.
இந்தப் பழைய குரோனோகிராஃப் போதும் என்றாள் சிகப்பி:
முதல் கண்ணில் விழுந்த நிழல்
அடுத்த கண்ணில் விழும்வரை எண்ணிக்கொண்டிருக்கும்,
அவ்வளவுதான் அதற்கு வேலை.

கண்டனூர்ப் பொட்டலில், சித்திரை வெயிலில்
அதற்குக் கண் கூசியது.
பிழை. பிழை. மறுபடி பிழை.
சாத்தப்பன் வேட்டியை அவிழ்த்தான்
(உள்ளே டவுசர் உண்டு),
நாலு கம்பில் பந்தலாகக் கட்டினான்.
வெளிச்சம் பதமானது.

நூற்று எழுபத்தொன்று.
நூற்று எழுபத்திரண்டு.
நூற்று அறுபத்தொன்பது.
ஒரே டப்பா ஈயக்குண்டு, வினாடிக்கு இத்தனை மீட்டர்.
அடுத்தது,
விசையில் நான் விரலே வைக்கவில்லை,
ஒன்பது.

வேட்டிக்கு அடியில் புகுந்து
வெளியேறிக்கொண்டிருந்தது ஒரு தும்பி.

சராசரியில் சேர்க்காதே என்றான் வயிரவன்.
சேர்க்கவில்லை.
நோட்டின் ஓரத்தில் சிகப்பி எழுதினாள்:
தும்பி, ஒன்பது, எதிர்க்காற்று.
எடை தெரியவில்லை.