ஐந்து நிமிடம் பதினேழு வினாடி

இருபது கிராம் எலி.
காதுக்குப் பின்னால் அடையாளத்துக்கு ஒரு மைப்பொட்டு.
வயிற்றில் ஒரு மில்லி சிப்பிச் சாறு ஏற்றிவிட்டுக்
கடிகாரத்தை அழுத்துவது என் வேலை.

தெலுக் பஹாங்கில் கூண்டு மீன்கள் மிதந்த மூன்றாம் நாள்.
சியாக்காப், கெராப்பு,
எல்லாம் வெள்ளை வயிறு காட்டி.
கூண்டுக்காரர் கிம் செங் போனில் கேட்கிறார்:
“தண்ணி தே ஓ மாதிரி கிடக்கு.
இன்னும் எத்தனை நாளைக்கு?”
கடலிடம் கேட்கவேண்டியதை என்னிடம்.

ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்தால்
சங்கிலியாய்க் கைகோத்து
சாட்டைமயிர் சுழற்றிச் சுழற்றிப் போகிற பாசி.
அழகாகத்தான் இருக்கிறது,
சொல்ல வெட்கமாகவும்.

சிப்பிக்கு ஒன்றும் ஆவதில்லை.
வாய் திறந்து குடிக்கிறது
வாய் மூடிச் சேர்க்கிறது.
வேகவைத்தாலும் சம்பலில் புரட்டினாலும்
தீராத கடன்;
வாங்கியவள் ஒருத்தி, கட்டுகிறவள் ஒருத்தி.

பதினாறாம் கட்டிலில் பூங்காவனம்.
பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் முடிந்து
பதினொரு மணிக்கு அவித்த சிப்பி ஒரு தட்டு.
முதலில் உதட்டில் எறும்பு.
காரம் என்று தண்ணீர் குடித்தாளாம்.
பிறகு விரல் நுனியில் எறும்பு.
பிறகு எறும்பும் இல்லை, விரலும் இல்லை.
மூச்சை ஒரு மெஷின் பார்த்துக்கொண்டது
பத்தொன்பது மணி நேரம்.

குழாயை எடுத்ததும் அவள் சொன்னது:
“எல்லாம் கேட்டுச்சு.
டாக்டர் என் வயசைத் தப்பா சொன்னாரு.
திருத்த முடியல.”

என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
முகத்துவாரச் சேற்றில் சரிந்து கிடந்த
நீர்நாய்க்கும் இல்லை.
மீசையில் ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது.
குட்டிகள் சுற்றிச் சுற்றி அதை
விளையாடக் கூப்பிட்டதை
வலைக்காரப் பையன் ஹஃபீஸ் படமெடுத்து அனுப்பினான்.
நான் இன்னும் அழிக்கவில்லை.

இதோ, எலி நடுங்குகிறது.
பின்னங்கால் இழுக்கிறது. ஒரு குதி.
காற்றுக்கு வாய் திறக்கிறது,
சிப்பி போலவே.
ஐந்து நிமிடம் பதினேழு வினாடி.

அட்டவணையில் விரல் ஓட்டினால் அது ஓர் எண்.
எண்ணுக்குக் கையெழுத்து, கையெழுத்துக்கு முத்திரை.
நாளைக் காலை
நான்கு மொழியில் சந்தைச் சுவரில் ஒட்டுவார்கள்.

இன்றிரவு பாசார் மாலாம்.
எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேதான்
மூன்றாவது கடையில் ஆவி பறக்கும்;
என் தம்பிக்கு இஞ்சி அதிகம் போட்டுத் தருவார்கள்.

கையுறையைக் கழற்றி வீட்டுக்கு அடிக்கிறேன்.
மணி போகிறது. எடுக்கவில்லை.
இன்னொரு கையில் கடிகாரம்;
எப்போது மறுபடி அழுத்தினேனோ,
அது ஓடிக்கொண்டிருக்கிறது.