சேர்ந்திருக்கலாம்

பர்கூர் தாண்டும்போது மாதையன் பேசினார்.
அதற்கப்புறம் அவர் போன் எடுக்கவில்லை.
பெங்களூரா மாங்கூழ், எண்பது டிரம்,
ஜெட்டா கப்பலுக்கு.
விடியற்காலை நாலு மணிக்குக் கேட் மூடிவிடுவார்கள்.

சீசனில் எங்கள் தொழிற்சாலைக்கு ராத்திரி கிடையாது.
கீழே கொட்டை பிரிக்கிற மெஷின்.
மாடியில் ஏற்றுமதிப் பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்,
மாங்காய்ப்பால் பட்டுப் புண்ணான விரலோடு
கையெழுத்து வாங்க வருகிற செல்லக்கிளியும்.

கன்டெய்னர் எங்கே என்கிறான் ஜெட்டாக்காரன்,
அவனுக்கும் சொந்தமில்லாத
எனக்கும் சொந்தமில்லாத பாஷையில்.
அடிக்கிறேன். அழிக்கிறேன்.
வில் போட்டால் மானேஜர் கத்துவார்:
"வில் போட்டா எழுதிக் குடுத்த மாதிரி.
மே போடும்மா. மேக்குப் பின்னால ஒளிஞ்சிக்கலாம்."

மே என்பது பாதி திறந்த கதவு.
மைட், சாத்திய கதவு,
தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று தெரியாது.
அவ்வளவுதான் எனக்குப் புரிந்த வித்தியாசம்.
குட் போட்டுப் பார்த்தேன். உடனே
வாணியம்பாடியில் டயர் வெடித்தது,
ஆம்பூரில் மழை பிடித்தது,
ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன.
அழித்தேன்.

என்னை ஏமாற்றியது மஸ்ட்தான்.
பள்ளிக்கூடத்தில் அது கட்டாயம்,
வீட்டுப்பாடம் முடித்தே ஆகவேண்டும்.
இங்கே, ஹி மஸ்ட் ஹேவ் ரீச்டு என்றால்
சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது என்று பொருள்.
கண்ணால் பார்த்தவள் மஸ்ட் போடமாட்டாள்.

நமக்கு எல்லாத்துக்கும் ஒரே லாம்.
ராயக்கோட்டை ரோட்டில் வனத்துறை போர்டு இருக்கிறது:
யானைகள் கடக்கலாம்.
பஸ்ஸில் தினமும் படிக்கிறேன்.
யாரோ யானைக்குப் பர்மிஷன் கொடுத்தமாதிரி.
கண்டக்டர் ஒருநாள் சொன்னார்,
"போர்டு இல்லாத எடத்துலதான் கடக்குதுங்க."

பன்னிரண்டே முக்காலுக்கு மத்தூரிலிருந்து சிவம்மா,
மாதையன் வீட்டுக்காரி.
"அவரு சேந்துட்டாராக்கா?"
இங்கிலீஷில் நாலு படிக்கட்டு கட்டி வைத்திருந்தேன்,
அவளுக்கு இறங்க ஒன்றும் இல்லை.
"சேந்திருப்பாரும்மா" என்றேன்.
முடிந்துபோனதை வருங்காலத்தில் சொல்லிச் சமாளிக்கிற வித்தை.
"சேந்திருப்பாரா" என்று திருப்பிச் சொன்னாள்,
கடைசி எழுத்தில் மட்டும் குரலை ஏற்றி.
பின்னால் குழந்தை அழுதது.
யாரோ கொசுவத்தி எங்கே என்று கேட்டார்கள்.
வைத்துவிட்டாள்.

மூணு இருபத்தஞ்சு. தெரியாத நம்பர்.
"அக்கா, மாதையன். வேற வண்டிக்காரர் போன்லேர்ந்து பேசறேன்,
சார்ஜர் ஒயரு போச்சு.
கேட்ல நிக்கறேன். உள்ள விடலாமா?"
சீல் நம்பரை ஒருதடவை படிக்கச் சொல்லி
"விடலாம்" என்றேன்.
அந்த லாமில் ஒரு பிசிறுகூட இல்லை.

உடனே ஜெட்டாவுக்கு அடித்தேன்.
கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட்டது.
மே இல்லை, மைட் இல்லை, ஒரே வரி.
இரண்டு வருஷத்தில் நான் எழுதிய நல்ல இங்கிலீஷ் அதுதான்.
செல்லக்கிளிக்கும் சேர்த்து டீ வாங்கினேன்.
ஏலக்காய் போட்டது.

ஆறே முக்காலுக்குப் பஸ்ஸுக்கு நிற்கையில்
மத்தூர் நம்பர்.
படுக்காத குரல்.
"இப்பதான் அவரே பேசினாரு.
மூணரைக்கே உள்ள போய்ட்டாராமே.
அப்பவே ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாமேக்கா."

சொல்லியிருக்கலாம்.
இங்கிலீஷிலும் இது இப்படியேதான்,
யூ மைட் ஹேவ் டோல்டு மீ.
மைட்தான். ஆனால் கதவுமில்லை, தாழ்ப்பாளுமில்லை.

பஸ் வந்தது.
போர்டு வருகிற பக்கம்
நான் உட்காரவில்லை.