எட்டுப் பேருக்கு ஒன்றரை டிக்கெட்

ராத்திரி ரெண்டு மணிக்குத் தகரத்தில் மழை விழுந்ததும்
எட்வின் புரண்டு படுத்தான்:
"இன்னைக்கு வெட்டு இல்ல."
ரப்பர் வெட்டுகிறவன் வீட்டில்
மழைதான் லீவு தரும்.
வெயிலடிக்கிற நாளில் ஊர் சுற்றுகிறவர்களை
நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

விடியுமுன் மரச்சீனி அவித்தேன்.
காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கினேன்.
வாட்டிய வாழையிலையில் எட்டுப் பொதி.
ஆறு தலைக்கும் ஒரே சீப்பு.
ரெஜிலாவின் சடையில் பெனிட்டாவின் ரிப்பன்.
அதற்கொரு வழக்கு, அதற்கொரு தீர்ப்பு,
தீர்ப்பை எதிர்த்துக்
கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்ட ஒருத்தி.

குலசேகரம் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டோம்,
முகத்தில் ரோஸ் பெயிண்ட் அடித்த பஸ் வரட்டும் என்று.
"லேடீஸ் எத்தன?"
"அஞ்சு" என்றேன்.
காசில்லாத சீட்டு அஞ்சு கிழித்தார் கண்டக்டர்.
பத்து வயது அஜினுக்கு அரை.
இடுப்பிலிருந்த ஜோபினுக்கு ஒன்றுமில்லை.
எட்வினுக்கு மட்டும் முழுசு.

நாலாவதும் பெண் என்றதும்
ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே
பிளாஸ்க்கை மூடிக்கொண்டு எழுந்துபோன நாத்தனாரே,
கேட்டியா,
எட்டுப் பேருக்கு ஒன்றரை டிக்கெட்.

தக்கலையில் மாறி ஏறியபோது
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்,
"டியூஷன் பிள்ளியளா?"
"இல்ல, எல்லாம் நம்ம வீட்டுச் சரக்குதான்."
அவள் விரல் மடக்கி எண்ணியதை
ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன்.
திங்கள்நகர் தாண்டியதும் அபிஷா வாந்தி.
அவள் செருப்பில் பாதி, என் சேலையில் பாதி.
"இன்னும் எம்புட்டு தூரம்?" என்று
ஆளுக்கொரு முறை கேட்டுவிட்டார்கள்.
எட்வின் இரண்டு முறை.

முட்டத்தில் மழை நூலாகிவிட்டிருந்தது.
செம்மண் மேட்டுக்குக் கீழே
கடல் பாறையில் மோதி நுரை கக்கியது.
ஒரு மணிநேரம் நனைந்தபின்
லைட் ஹவுஸில் ஏறணும் என்று அஜின் பிடிவாதம்.
ஏறுவதற்கும் காசு கேட்கிறார்களாம்.
"நீங்க போங்க. நான் செருப்பைப் பாத்துக்கிறேன்."
ஜோபினும் அப்பா கழுத்தில் ஏறிக்கொண்டான்.

ஏழு ஜோடி செருப்பு, மூன்று பை,
நான்.

பிள்ளை இறங்கிப் போன பிறகும்
என் இடுப்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே நின்றது.
அதை நிமிர்த்த
கொஞ்ச நேரம் பிடித்தது.

தனியாக இருந்தால் அழுவேன் என்று
எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்,
அடுப்படியில், குளிமுறியில்,
கதவுக்கு வெளியே "அம்மோ" கேட்கும்போது.
இப்போது அழுகை வரவில்லை.
பசித்தது.
என் பொதியைப் பிரித்தேன்.
கிழங்கு ஆறிப்போயிருந்தது, மிளகாய் ஆறவில்லை.
குறுக்கே ஒரு கையும் வரவில்லை.
ஜெஸ்லின் பிறந்த இந்தப் பதினாலு வருஷத்தில்
ஒரு பொதியை முழுசாக நானே தின்றது
அன்றைக்குத்தான்.
இலையையும் வழித்தேன்.

மேலே கம்பிக்குப் பின்னால்
கைகள் ஆடின.
எண்ணினேன், அஞ்சு வந்தது.
மறுபடி எண்ணினேன், எட்டு வந்தது.
எண்ணாமல் விட்டேன்.
எட்வின் எண்ணட்டும்.

இறங்கி வந்ததும் பெனிட்டா கேட்டாள்,
"நீ என்னம்மா பாத்த?"
"செருப்ப" என்றேன்.
ஜெஸ்லின் மட்டும் என்னை உற்றுப் பார்த்து
தாடையில் ஒட்டியிருந்த மிளகாய் விதையை
விரலால் எடுத்துச் சுண்டிவிட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது
மடியில் ரெண்டு, தோளில் ஒன்று தூங்கின.
எந்தப் பையைத் தொட்டாலும் மணல்.
வீட்டு முற்றத்தில் இறங்கி நிமிர்ந்தேன்.
வானம் துடைத்துவிட்டது போல்,
அவ்வளவு நட்சத்திரம்.
எட்வின் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான்.

எனக்கு அந்த நட்சத்திரங்களைப்
பிடிக்கவில்லை.