ஹெஸ்டருக்கு இனிஷியல் இல்லை

அவிநாசி ரோட்டுக்குப் பின்னால், கரண்ட் போய்ப் போய் வருகிற
எங்கள் பிரிண்டிங் பட்டறைக்கு
நூற்று நாற்பது பீஸ் வந்தது. சின்ன ஆர்டர்.
பெரிய கம்பெனிக்காரர்கள் கட்டுப்படியாகாதென்று
இந்தப் பக்கம் தள்ளிவிட்டது.
மஞ்சள் பனியன். முதுகில் கறுப்பு மை.
அலபாமாவில் மெர்ரிவெதர் என்றொரு குடும்பம்
ஆகஸ்டில் ஒன்று கூடுகிறதாம்.

ஃபிலிமை டியூப்லைட்டுக்குத் தூக்கிப் படித்தேன்,
எழுத்துக் கூட்டித்தான்.
லூசில், 1966, ஓட்டுப் போட்டாள்.
அவளுக்கு மேலே ரூஃபஸ், 1902,
பட்டியலிலிருந்து பேரை அடித்தார்கள்.
அவனுக்கும் மேலே ஐசக், 1868, ஓட்டுப் போட்டான்.
கொடுத்ததை எப்படித் திரும்பப் பிடுங்குவார்கள் என்று
அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
எல்லோருக்கும் மேலே
ஹெஸ்டர்.
அப்பன் பேர் இல்லை. குடும்பப் பேர் இல்லை.
ஒரு கோவேறு கழுதைக்கும் இரண்டு கலப்பைக்கும் நடுவே
சொத்துக் கணக்கில் இருந்தவள், வயது பன்னிரண்டு.
பேருக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை வெறும் இடம்.

"அக்கா, மொத வரியில என்னமோ உட்டுப்போச்சுங்க."
மெர்ச்சன்டைசர் பிரபாவதி அக்கா மெயில் போட்டார்.
ராத்திரி ஷிப்டில் பதில் வந்தது:
விட்டுப்போகவில்லை. அந்த இடம் அவளுடையது.
அடைக்க வேண்டாம்.

ஸ்கிரீனில் வெறும் இடம் என்றால்
மருந்து இறுகி, மை இறங்காத இடம்.
நூற்று நாற்பது தடவை கட்டையை இழுத்தேன்.
நூற்று நாற்பது தடவையும்
மஞ்சளாகவே நின்றது.

செங்கப்பள்ளிக்குத் தெற்கே பண்ணாடி வீட்டில்
சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டு இருந்தது.
காட்டை விற்றபோது பழைய பேப்பரோடு
என் மாமன் கடைக்கு எடைக்கு வந்தது.
'மாதாரி. ராகி நாலு வள்ளம். பாக்கி.'
அடுத்த வரி: 'செவலை எருது. லாடம்.'
என் அப்பனைப் பெற்றவர் அது.
கடன்பட்டது யாரென்று நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது.
பேர்தான் வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருந்த மஞ்சள் பனியன் ஒன்றை
என் கணக்கில் எடுத்தேன்.
ஹெஸ்டருக்குப் பக்கத்தில் எழுதவில்லை.
அடியில், ஓரமாக, விரலை மையில் தொட்டு:
திம்மன். செங்கப்பள்ளி.

காலையில் சூப்பர்வைசர் இரண்டு தரம் எண்ணினார்.
"ஒண்ணு கொறையுதே."
"நாந்தானுங்க."
நோட்டைத் திறந்து பதிந்தார்:
ர திருமூர்த்தி, பனியன் ஒன்று, எண்பத்தைந்து ரூபாய், பிடித்தம்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.
இனிஷியலுக்குப் புள்ளி வைக்க மறந்திருந்தார்.
பேனாவை வாங்கி
நானே வைத்தேன்.