டேப்பட் சத்தம்

நான் வருவதை
வண்டியின் டேப்பட் சத்தம்
தெருமுனையிலேயே சொல்லிவிடும்.
கருமாத்தூரில் தவணை பாக்கிக்காரர்கள்
கொல்லைப்பக்கம் இறங்கிவிடுவார்கள்.

ஞாயிறு மதியம் மூடியைக் கழற்றி
இம்மி இடைவெளி இல்லாமல் இறுக்கினேன்.
வண்டி பூனையாகிவிட்டது.
மூன்று நாள் நல்ல வசூல்.

நாலாம் நாள், செக்கானூரணி தாண்டி
ஒரு விக்கல்.
கிக்கர் வெறும் காற்றில் இறங்கியது.

ஐந்து தவணை பாக்கி ஒச்சம்மாள்
மொபெட்டில் வந்தாள்.
செருப்புக் காலை என் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி
நாகமலை புதுக்கோட்டை வரை
தள்ளிக்கொண்டே வந்தாள்.
"சத்தமே இல்லாம வந்தீகளே, நேத்து"
என்றதோடு சரி.

"வால்வு கருகிருச்சு.
சூடானா இரும்பும் நீளும் சார்,
கொஞ்சம் இடம் விடணும்" என்றான் மெக்கானிக்.

மூவாயிரத்து இருநூறு.

ரெண்டு தவணையாத் தர்றேன்
என்றேன்.